வாரப்ப எத்தனை பேரு?

"தாயி, நீங்க எம்புட்டுக் கனம் இருப்பீக?"

என்னையப் பாத்து அந்த மனுசன் கேட்ட முதல் கேள்வி இதுதான். பக்கத்துல என் வீட்டுக்காரர் நிக்கிறாரு. கடை வாசல்ல நாலஞ்சு ஆம்பளைக நிக்கிறாக. நான் மிஷன் ஆஸ்பத்திரி நர்சு, வெள்ளைச் சேலை, சேலையில குத்தின கடிகாரம். என்கிட்டக் கேக்குற கேள்வியா அது? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மேலவெளி வீதியே ரெண்டாப் பிளந்திருக்கணும். அவரு பாட்டுக்குக் காதுல இருந்த பென்சிலை எடுத்து, நாக்குல தொட்டு, பதிலுக்காகக் காத்துக்கிட்டிருந்தாரு.

"அதை எதுக்கு உங்ககிட்ட நான் சொல்லணும்?"ன்னேன்.

"வண்டிக்குச் சொல்லணும்ல"ன்னாரு. "வாயால சொல்லப் பிரியமில்லாட்டிப் பக்கத்துல புளி மண்டி இருக்கு. பெரிய தராசு. ஏறி நின்னுட்டு வந்துருங்க."

புளி மூட்டை நிறுக்குற தராசுல நான் ஏறி நிக்கணுமாம். வேற வழியில்லாம ஒரு கணக்கைச் சொன்னேன். கொஞ்சம் குறைச்சுத்தான் சொன்னேன், இல்லேன்னு சொல்லல. அவரு என்னைய ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்துட்டு, நோட்டுல நான் சொன்னதுக்குப் பக்கத்துல எதையோ கூட்டி எழுதிக்கிட்டாரு.

அவரு பேரு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாதுன்னு நினைக்கிறேன். கடையும் அவரோடது இல்ல. சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் சாமான் விக்கிற கடை, உள்ள ஆள் உயரத்துக்கு மர டிராயருக. முதலாளி எப்பவாச்சும் சாயங்காலம் வந்து உக்காந்துட்டுப் போவாரு. மத்த நேரம் பூரா இவரு ராஜ்ஜியம்தான். ரெண்டாவது உலகச் சண்டைக்கு முந்தின வருசங்க அது. மதுரையில மோட்டார் சைக்கிள் வச்சிருந்தவகளை விரல் விட்டு எண்ணிறலாம். அத்தனை பேரும் இவருகிட்டத்தான் வந்து நிக்கணும், திட்டு வாங்குற மாதிரி கேள்வி வாங்கணும்.

தெருவுல அவருக்கு வச்ச பேரு 'வாரப்ப'. யாரு வந்து எந்தப் பல்சக்கரம் கேட்டாலும், எந்த ஊருக்குப் போறீக, ரோடு மேடா பள்ளமா, என்ன ஏத்துறீகன்னு வரிசையாக் கேப்பாரு. எல்லாம் எழுதிக்கிட்டுத் தலையத் தூக்கி, "போறப்ப சரி. வாரப்ப?"ன்னு கேப்பாரு. பதிலைக் கேட்டுட்டு மறுபடி ஒருக்கா அதையே கேப்பாரு. எல்லாருக்கும் ரெண்டு தடவ. அவரு வழக்கம் அது.

"எல்லாரும் போறதைத்தான் யோசிக்கிறாக தாயி. வண்டி வாரப்பத்தான் நிக்கிது"ன்னு என்கிட்டச் சொன்னாரு. நான் பெரிய கண்டுபிடிப்புன்னு மனசுக்குள்ள நொடிச்சுக்கிட்டேன்.

நாங்க அன்னைக்குப் போனதுக்குக் காரணம் ஒச்சாயி. உசிலம்பட்டிக்கும் அங்கிட்டு, மானம் பாத்த பூமியில ஒரு ஊருல இருந்தா. இருவது வயசு இருக்கும். ரெண்டு பிள்ளை பெத்தா. ரெண்டும் பிறந்து அழுகாமயே போயிருச்சு. பக்கத்துல விவரம் தெரிஞ்ச ஒரு ஆளு இருந்திருந்தா, வாயில கிடக்குற கோழையை எடுத்து, முதுகைத் தேச்சு, அழ வச்சிருக்கலாம். இப்ப மூணாவது வயித்துல. வாரத்துல ரெண்டு நாளு நாங்க அந்தப் பக்கம் மருந்து கொண்டு போவோம். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நீங்க பக்கத்துல இருப்பீகளா?"ன்னு கேப்பா. "இருப்பேன்டி. உன்னைய விட்டுட்டு எங்கிட்டுப் போகப் போறேன்"னு அவ தலையில கை வச்சுச் சொல்லியிருந்தேன்.

பெரிய டாக்டரம்மா, வலி கண்டதும் அவளை ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டு வந்துரணும்னு கண்டிப்பாச் சொல்லிட்டாக. சொந்த நாட்டுக்குப் போன ஒரு டாக்டர் விட்டுட்டுப் போன மோட்டார் சைக்கிளு எங்க ஆஸ்பத்திரியில இருந்துச்சு. அதுக்குப் பக்கவாட்டுல ஆளு உக்கார ஒரு சைடுகாரும் மாட்டினாக. ஓட்டுறது என் வீட்டுக்காரர். அவரு அங்க கம்பவுண்டரு. தனி வண்டியா இருந்தப்போ பறந்த வண்டி, சைடுகாரை மாட்டினதும் முக்கி முனகுச்சு. இஞ்சின் பக்கத்துப் பல்சக்கரத்தை மாத்தணும்னாக. அதுக்குத்தான் போனோம்.

எனக்கு அப்ப இது ஒண்ணும் விளங்காது. கடைக்காரருதான் சொல்லிக் குடுத்தாரு, கேக்காமயே. இஞ்சின்கிட்ட ஒரு சின்னப் பல்சக்கரம், பின் சக்கரத்துல ஒரு பெரிய பல்சக்கரம், ரெண்டையும் சேத்து இழுக்குறது செயின். சின்னதுல பல்லு கூட இருந்தா சமதரையில பறக்கும், மேட்டைக் கண்டா நின்னுரும். பல்லைக் குறைச்சா மேடு ஏறும், ஆனா மாட்டு வண்டிக்காரன் கூட நம்மளத் திரும்பிப் பாப்பான், பெட்ரோலையும் குடிக்கும். "அதனால பொதுவா நல்ல பல்லுன்னு ஒண்ணு கிடையாது தாயி. உங்களுக்கு நல்ல பல்லுன்னுதான் இருக்கு"ன்னாரு. இம்புட்டும் சொன்ன மனுசன் மோட்டார் சைக்கிள்ல ஒரு நாளும் ஏறி உக்காந்ததில்லையாம். நடந்துதான் வருவாரு, நடந்துதான் போவாரு, தூரந்தொலவட்டுன்னா சைக்கிளு.

கோச்சடையில ஒரு மைனர் இருந்தாரு. அவரு கதையை என் வீட்டுக்காரர் சைக்கிள் சாமான் வாங்கப் போன இடத்துல கண்ணால பாத்துட்டு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. மைனருக்கு வண்டி பறக்கணும், இருவது பல்லு குடுன்னு வந்து நின்னிருக்காரு. நம்ம கடைக்காரரு வழக்கம் போல ஆரம்பிச்சிருக்காரு. போறப்ப தனியாத்தான் போறேன். சரி, வாரப்ப? தனியாத்தான். ரெண்டாவது தடவ, வாரப்ப? மைனருக்கு மூஞ்சி கறுத்துப் போச்சாம். கையை ஓங்கிக்கிட்டு, "எவன்டா உனக்குச் சொன்னது?"ன்னு பாய்ஞ்சிருக்காரு. கடையில இருந்த அத்தனை பேருக்கும் அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு, அவருக்கு வேற ஒரு ஊருல ஒரு வீடு இருக்குன்னு. நம்ம ஆளு அசையவே இல்லையாம். "எனக்கு ஊரு பேரு வேண்டாம்யா. ஆளு கனம் மட்டும் சொல்லுங்க"ன்னு பென்சிலோட நின்னிருக்காரு. மைனர் பதினெட்டுப் பல்லோட போனாரு.

இன்னொரு கூத்து எங்க தெரு சோடாக்காரரோடது. சோடாப் பெட்டியைச் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு அழகர்கோவிலுக்குப் போவாரு. போறப்ப முப்பது பாட்டில் சோடா, வாரப்ப காலிப் பாட்டில், அம்புட்டுத்தான்னு சொல்லிப் பல்லு வாங்கிட்டுப் போயிட்டாரு. ஒரு மாசத்துல செயின் தொங்கிப் போச்சுன்னு திரும்பி வந்தாரு. காலிப் பாட்டிலுக்குச் செயின் இப்படி நீளாதேன்னு இவருக்கு உறக்கம் வரல. ஞாயித்துக்கிழமை வாடகைச் சைக்கிளை எடுத்துக்கிட்டு அழகர்கோவிலுக்கே போயிட்டாரு. அங்க போயிப் பாத்தா, நம்ம சோடாக்காரர் காலிப் பாட்டில்லயெல்லாம் மலையில இருந்து வர்ற நூபுர கங்கைத் தண்ணியைப் பிடிச்சு அடைச்சுக்கிட்டு இருக்காரு! அவரு சோடாவுக்கு மட்டும் எப்படி அந்த ருசி வருதுன்னு ஊரே மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்துச்சு. இவரு அதை ஒரு ஆளுகிட்டயும் மூச்சு விடல. சோடாக்காரரே தாங்காம எங்கிட்ட வந்து சொன்னதுதான். "அந்தாளு சிரிக்கக் கூட இல்லம்மா. 'அப்ப போறப்பயும் வாரப்பயும் ஒரே கனம்'னு சொல்லிட்டு, ஒரு பல்லைக் குறைச்சுக் குடுத்தாரு."

ஊருல இருக்குறவன் ரகசியம் பூரா அந்த நோட்டுக்குள்ள கிடந்துச்சு. வேற ஒருத்தன் கையில கிடைச்சிருந்தா அதை வச்சே மாடி வீடு கட்டியிருப்பான். இவருக்கு அதுல கனம் மட்டும்தான் வேணும். அதுதான் எனக்கு இன்னைக்கும் அதிசயம். இம்புட்டுத் தோண்டித் தோண்டிக் கேக்குற மனுசனைப் பத்தி நான் ஒண்ணைக் கூடத் தோண்டி எடுக்க முடியல. நானும் லேசுப்பட்டவ இல்ல, பிரசவ வலியில இருக்குறவகிட்டயே மாமியா சண்டையைக் கேட்டு வாங்கிருவேன். "அண்ணே, உங்களுக்குச் சொந்த ஊரு எது?"ன்னா, "அங்கிட்டுத்தான்"னுவாரு. "பிள்ளைக?"ன்னா, "உங்க பின் டயருல காத்து குறைவா இருக்கே"ன்னுவாரு.

செயின் எண்ணுறப்ப மட்டும் பக்கத்துல பேச்சு இருக்கக்கூடாது. நீளப் பலகையில செயினைக் கிடத்தி, கண்ணி கண்ணியா விரலால தொட்டு எண்ணுவாரு. நம்ம கடைவீதியில நெல்லு அளக்குறவக 'ஒண்ணு'ன்னு சொல்ல மாட்டாக, 'லாபம்'னு ஆரம்பிச்சு, ரெண்டு, மூணுன்னு போவாக. இவரு 'ஒண்ணு'ன்னுதான் ஆரம்பிப்பாரு. லாபம்னு சொல்லுங்கண்ணேன்னேன். "செயினுக்கு லாபம் நட்டம் தெரியாது தாயி. ஒண்ணுன்னா ஒண்ணு"ன்னாரு.

அன்னைக்கு எங்க கதைக்கு வாரேன். மருந்துப் பெட்டியைத் தூக்கிப் பாத்தாரு. உசிலம்பட்டி ரோட்டைப் பத்திக் கேட்டாரு. எல்லாத்தையும் எழுதிட்டுத் தலையத் தூக்கினாரு.

"போறப்ப ரெண்டு பேரு, பெட்டி. சரி. வாரப்ப?"

என் வீட்டுக்காரர் டக்குனு, "வாரப்பயும் ரெண்டு பேருதாண்ணே"ன்னாரு.

எனக்குத் தெரியும், மூணு பேரு. ஒச்சாயியைக் கூட்டிட்டு வரத்தான் இந்த வண்டியே. என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனா எப்படி வாயால சொல்றது? மூணு பேராப் போற காரியம் விளங்காதுன்னு சின்னதுல இருந்து கேட்டு வளந்த காது. அதுலயும் வயித்துப்பிள்ளைக்காரி. அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வர வேண்டி வரும்னு முன்கூட்டியே ஒருத்தன்கிட்டச் சொல்லி எழுதி வைக்கிறது எம்புட்டு அச்சானியம்! ஞாயித்துக்கிழமை தவறாமச் சர்ச்சுக்குப் போறவதான் நான். நாளு கோளு பாக்காதீகன்னு கிராமத்துப் பொம்பளைகளுக்கு வகுப்பெடுக்குறவ. ஆனா நாக்கு எந்திரிக்கல.

கடைக்காரரு என் மூஞ்சியைப் பாத்தாரு. "யாரையும் ஏத்திக்கிட்டு வர வேண்டி வராதா தாயி? வாரப்ப?"

"வராது"ன்னேன் நான். என் வாயாலதான் சொன்னேன்.

பென்சில் முனையை நோட்டுல வச்சபடி என் மூஞ்சியை இன்னொருக்கா பாத்தாரு. பிறகு பதினெட்டுப் பல்லு எடுத்துக் குடுத்தாரு. ஏற்கனவே இருந்ததுக்கு ஒரு பல்லு குறைவு. "ரெண்டு பேருக்கு இது போதும். இதுக்குக் கீழ போட்டா வீணா பெட்ரோலைக் குடிக்கும்"னாரு. ஒரு பல்லு வித்தியாசத்துக்குச் செயினை வெட்ட வேண்டாம், பின் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சாப் போதும்னு மாட்டியும் குடுத்தாரு.

மூணு வாரம் வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. ஒரு செவ்வாக்கிழமை காலையில நாங்க போறப்ப ஒச்சாயிக்கு வலி கண்டிருந்துச்சு. விட்டு விட்டுத்தான் வந்துச்சு. ஆஸ்பத்திரி போயிச் சேர நேரம் இருக்குன்னு கணக்குப் போட்டேன். அவளைச் சைடுகாருல உக்கார வச்சு, மருந்துப் பெட்டியை அவ காலடியில வச்சு, நான் என் வீட்டுக்காரருக்குப் பின்னால உக்காந்தேன். அவ மாமியா ஓடி வந்தா, கையில தேங்காத் தண்டி ஒரு கல்லு. "மூணு பேராப் போறீகளே, இது நாலாவது ஆளு"ன்னு அதைச் சைடுகாருக்குள்ள போட்டா. நான் அதை எடுத்து வெளிய போடல. சொல்லப்போனா எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு.

நாகமலை ஓரத்து மேட்டுல புதுசா ஜல்லி கொட்டிப் பரப்பியிருந்தாக. பாதி மேட்டுல வண்டி இரைஞ்சுச்சு, நின்னுச்சு. என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்ப முறுக்கினாரு. கிளட்ச் கருகுற வாடை வந்துச்சு. நான் இறங்கிக் கல்லைத் தூக்கி எறிஞ்சேன். பெட்டியை இறக்கினேன். பின்னால இருந்து தள்ளினேன். அப்பத்தான் கொஞ்சம் நகந்துச்சு.

"மேட்டுக்கு மேல நிறுத்துங்க, ஏறிக்கிறேன்"னேன்.

"நிறுத்த முடியாது. கிளட்ச் போயிருச்சு. இப்ப நின்னா மறுபடி இழுக்காது. ரெண்டு பேரத்தான் தாங்கும்"னாரு.

ஓட்டத் தெரிஞ்சவரு அவரு. பிள்ளை பெறப் போறவ அவ. மிச்சம் நான்தான். ஒச்சாயி என் சேலைத் தலைப்பைப் பிடிச்சுக்கிட்டா. "பக்கத்துல இருப்பேன்னீக"ன்னா. அவ விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு விட்டது நான்தான்.

உச்சி வெயில்ல பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு ஓடவும் நடக்கவுமாப் போனேன். பிறகு ஒரு விறகு வண்டிக்காரர் ஏத்திக்கிட்டாரு. வழியெல்லாம் என் வீட்டுக்காரரைத் திட்டினேன், அந்தக் கடைக்காரரைத் திட்டினேன். காளவாசல்கிட்ட எங்க வண்டி ரோட்டோரம் நின்னுச்சு. என் வீட்டுக்காரர் தரையில உக்காந்திருந்தாரு, சட்டையெல்லாம் ரத்தம். ஜல்லியில குலுங்குன குலுக்கல்ல வலி முந்திருச்சு. ஆம்பளை, பிரசவத்தைக் கண்ணால கண்டவரு இல்ல. பிள்ளையைக் கையில வாங்கிட்டாரு. அது அழல. என்ன செய்யணும்னு அவருக்குத் தெரியல. ஒச்சாயி உசுரோட இருந்தா. ஆம்பளப் பிள்ளை.

மறுநாள் காலையில கடை திறக்குறதுக்கு முன்னால நான் போயி நின்னேன். சண்டை போடத்தான் போனேன். "என்ன பல்லுய்யா குடுத்தீக? பாதி மேட்டுல நின்னுருச்சு, ஒரு உசுரு போச்சு"ன்னு தெருவே கேக்குற மாதிரிக் கத்தினேன். அவரு நோட்டை எடுத்துப் பிரிச்சு என் முன்னால வச்சாரு. பென்சில் எழுத்து. உசிலம்பட்டி ரோடு. போறப்ப ரெண்டு. வாரப்ப ரெண்டு.

"வாரப்ப எத்தனை பேரு தாயி?"

"மூணு பேரு"ன்னேன். ஏன் சொல்லலங்கறதையும் சொன்னேன். மூணுன்னு சொல்ல வாய் வரலண்ணேன்னேன்.

அவரு பென்சிலை எடுத்தாரு. "வயித்துல ஒண்ணு இருந்துச்சே. நாலுல்ல தாயி?"ன்னாரு.

அதைக் கேட்டதும் நான் உடைஞ்சு போயிட்டேன். நடுக்கடையில, வெள்ளைச் சேலையில, பட்டறைப் பலகையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அந்த மனுசன் என்னையத் தேத்தல. நோட்டையே பாத்துக்கிட்டிருந்தாரு. பிறகு மெதுவாச் சொன்னாரு.

"ரெண்டு தடவ கேட்டேன். உங்க மூஞ்சியைப் பாத்ததும் இன்னொருக்கா கேப்போமான்னு இருந்துச்சு. பொம்பளையா இருக்கீக, கோவிச்சுக்குவீகன்னு விட்டுட்டேன். மூணாவது தடவ நான் கேட்டிருக்கணும் தாயி."

குத்தம் சொல்லப் போனவ நான். செஞ்ச குத்தமும் என்னோடது. அதை அவரு தன் தலையில எடுத்து வச்சுக்கிட்டாரு. நான் வேண்டாம்ணேன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். காதுல வாங்கல. டிராயரைத் திறந்து பதினாறு பல்லு எடுத்தாரு. செயினைப் பலகையில கிடத்தி எண்ணி ரெண்டு கண்ணியை வெட்டினாரு. அதுக்கப்புறம் அந்த வண்டி எந்த மேட்டுலயும் நிக்கல.

அதுல இருந்து அவரு எல்லார்கிட்டயும் மூணு தடவ கேக்க ஆரம்பிச்சாரு. தெருவே ஏசுச்சு. கிறுக்குக் கூடிப் போச்சு, காது மந்தமாயிருச்சுன்னு ஆளாளுக்குச் சொன்னாக. முதலாளியே, வர்ற யாவாரத்தைக் கெடுக்குறியேன்னு கத்தினாரு. ஒருநாள் பிரேக் வயருக்காக நான் அங்க நிக்கிறேன். யாரோ ஒரு காண்ட்ராக்டரு, புது வண்டி, சைடுகார் வச்சது. வாரப்ப தனியாத்தான்னு ரெண்டு தடவ சொல்லிட்டாரு.

"தப்பா எடுத்துக்கிறாதீக. வாரப்ப?"

"எத்தனை தடவய்யா கேப்ப? செவிடா நீயி?"ன்னு அவரு பலகையில ஓங்கித் தட்டினாரு. நம்ம ஆளு பென்சிலைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாரு. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. காண்ட்ராக்டரு அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாரு, குரலை இறக்கினாரு. "வாரப்ப... என் தங்கச்சியும் ரெண்டு பிள்ளைகளும் வரும். புருசன்காரன் வச்சு வாழல. யாருக்கும் தெரியாமக் கூட்டியாரணும்."

"பிள்ளைகளுக்கு எத்தனை வயசுய்யா?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டாரு. நான் பிரேக் வயரை வாங்காமயே வெளிய வந்துட்டேன்.